பழைய இல்லங்களின் வெப்பக் காப்பு: ஒரு வரலாற்று நோக்கு

குளிர்வலய நாடுகளில் வீடு என்பது மழையையும் காற்றையும் மறைக்கும் கூரையாக மட்டும் அமைவதில்லை. ஆண்டின் ஏறக்குறைய அரைப்பங்குக் காலம், எரிபொருளை எரித்துப் பெற்ற வெப்பத்தை உள்ளே தேக்கிவைக்கும் கலமாகவும் அது தொழிற்படுகின்றது. அக்கலத்திலுள்ள ஓட்டைகள் எத்துணைப் பெரியனவோ அத்துணை எரிபொருள் வீணாகும். எரிபொருளுக்கு விலைகொடுக்க வகையற்றோர் தம் வீட்டினுள்ளேயே குளிரால் வருந்துவர். காற்றோட்டத்தையே நல்ல வீட்டின் இலக்கணமாகக் கொள்ளும் வெப்பவலயத்து வாசகருக்கு இது சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும், 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலங்கையினின்றும் புலம்பெயர்ந்த தமிழர் பெருந்தொகையினராக வாழும் இலண்டன், தொறொன்ரோ முதலிய நகரங்களில் இது நாளாந்த வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இன்று மக்கள் வாழும் வீடுகளுள் பெருந்தொகையானவை, வெப்பத்தைக் காத்தல் என்னும் எண்ணமே கட்டடச் சட்டங்களில் இடம்பெறாத காலத்தில் எழுந்தவை. இங்கிலாந்தின் வீடுகளுள் ஏறத்தாழ ஐந்திலொன்று 1919ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அவற்றையெல்லாம் இடித்துப் புதியன கட்டுதல் நடைமுறைச் சாத்தியமானதன்று. எனவே, நிற்கும் வீட்டை நின்றவாறே திருத்தி, அதன் எரிபொருள் தேவையைப் பன்மடங்கு குறைத்தல் எவ்வாறு என்பது, கடந்த ஐம்பது ஆண்டுகளாகப் பௌதிகவியலாளரும் கட்டடக் கலைஞரும் அரசுகளும் ஈடுபட்டுவந்த ஒரு பெரும் வினாவாயிற்று.

இவ்வைம்பதாண்டு வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. வெப்பத்தைத் தடுக்கும் பொருள்களைக் கண்டுபிடித்தல் இவ்வரலாற்றில் எளிய பகுதியாகவே இருந்தது. ஒரு வீட்டிலிருந்து வெப்பம் எவ்வழியே வெளியேறுகின்றது, ஈரம் எங்கே தங்குகின்றது, உள்ளே வாழ்வோர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பவற்றை அறிதலே கடினமான பகுதியாக இருந்தது. அவ்வறிவு முன்சென்ற இடங்களிற் புனரமைப்புப் பயன் தந்தது. அவசரம் முன்சென்ற இடங்களில் வீடுகள் கெட்டன. சிற்சில வேளைகளில் உயிர்களும் அழிந்தன. இவ்வுண்மையை நிறுவும் கட்டங்கள் சிலவற்றை ஈண்டு எடுத்து நோக்கலாம்.

கணப்பிலிருந்து மைய வெப்பமூட்டலுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கைத்தொழில் நகரங்களில் தொழிலாளருக்கும் நடுத்தர வகுப்பினருக்குமாகக் கட்டப்பட்ட தொடர்வீடுகள், ஒன்பது அங்குலத் தடிப்புள்ள திண்ணிய செங்கற் சுவர்களைப் பெரும்பாலும் கொண்டிருந்தன. சுவரின் நடுவே இடைவெளி விடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பரவலாயிற்று. செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்தினால் இணைக்கப்பட்டன. முக்கிய அறைகள் தோறும் நிலக்கரியை எரிக்கும் கணப்பும் அதன் மேலே புகைபோக்கியும் அமைந்தன.

இவ்வீடுகளின் யன்னல் விளிம்புகளிலும் தரைப்பலகைகளிலும் காணப்பட்ட இடைவெளிகள் கட்டியோரின் கவனக்குறைவினால் மட்டும் நேர்ந்தவை என்று கொள்ளுதல் பொருந்தாது. கணப்பில் நெருப்பு எரிவதற்குக் காற்று வேண்டும். புகைபோக்கி உள்ளிருந்து இழுத்த காற்றை அவ்விடைவெளிகளே ஈடுசெய்தன. அதே காற்றோட்டம், சுவரில் ஊறிய மழை நீரையும் மூச்சினாலும் சமையலினாலும் எழுந்த ஆவியையும் அகற்றியது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளிவிட்டது. வீடு வெப்பத்தை இழந்தது உண்மையே. ஆயின் அது உலர்ந்திருந்தது. அக்காலக் குடும்பம் வீடு முழுவதையும் சூடாக்கியதுமில்லை. கணப்புள்ள ஓர் அறையிற் கூடியிருந்து மாலைப் பொழுதைக் கழித்து, குளிர்ந்த படுக்கையறைக்குச் சென்று உறங்கியது.

1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. நகரங்களில் நிலக்கரிக் கணப்புகள் படிப்படியாக மறைந்தன. வட கடலிற் கண்டெடுக்கப்பட்ட இயற்கை எரிவாயு 1967 முதல் 1977 வரையான பத்தாண்டுகளில் பிரித்தானிய வீடுகளுக்கு வந்துசேர்ந்தது. 1970இல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீடுகளிலேயே காணப்பட்ட மைய வெப்பமூட்டல், நூற்றாண்டின் இறுதியில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் உரியதாயிற்று. ஓர் அறையைச் சூடாக்குவதற்கென அமைந்த வீடு, இப்பொழுது எல்லா அறைகளையும் நாள் முழுவதும் சூடாக வைத்திருக்கும் கடமையை ஏற்றது. எரிபொருள் மலிவாக இருந்தமையால் இம்மாற்றத்தின் விலை எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.

1973ஆம் ஆண்டின் நெருக்கடி

1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டதைத் தொடர்ந்து, அரபு எண்ணெய் உற்பத்தி நாடுகள் அமெரிக்காவுக்கும் இஸ்ரேலை ஆதரித்த வேறு சில நாடுகளுக்கும் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. ஏறத்தாழ 3 டொலராக இருந்த ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை 1974 ஜனவரியில் 12 டொலரை அண்மித்தது. எண்ணெயினாற் சூடாக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தோர் அதன் தாக்கத்தை அக்குளிர்காலத்திலேயே உணர்ந்தனர்.

அரசுகள் விரைந்து செயற்பட்டன. மேற்கு ஜேர்மனி 1977இல் முதலாவது வெப்பக் காப்பு ஒழுங்குவிதியை வெளியிட்டது. அதே ஆண்டிற் கனடா, வீட்டுக்காரருக்குக் காவலிப்பொருள் வாங்க மானியம் வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. பிரித்தானியா 1978இல் நிறைவேற்றிய சட்டத்தின் வாயிலாகக் கூரையடியில் காவலிடுவதற்கு மானியம் அளித்தது.

இத்திட்டங்கள் யாவற்றுக்கும் அடிப்படையாக இருந்தது ஓர் எளிய கணக்காகும். சுவரின் பரப்பு, உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, சுவர் முழுவதன் வெப்பங் கடத்தும் அளவு ஆகியவற்றைப் பெருக்கினால் வெளியேறும் வெப்பத்தின் அளவு கிடைக்கும். தடிப்பான காவலியை இட்டால் அவ்வளவு குறையும். கணக்கிற் பிழையில்லை. ஆயின் உண்மையான வீடுகள் அக்கணக்கிற்கு அடங்கி நடக்கின்றனவா என்பதை அதுகாறும் வெகுசிலரே முறையாக அளந்து பார்த்திருந்தனர்.

பிறின்ஸ்ரன் ஆய்வாளர் கண்டவை

அளந்து பார்க்கும் பணியை அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழுவினர் மேற்கொண்டனர். எண்ணெய் நெருக்கடி தோன்றுவதற்கு முன்னரே, 1972இல், நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள துவின் றிவேர்ஸ் என்னும் புதிய குடியிருப்பில் அவர்களின் ஆய்வு தொடங்கிற்று. பௌதிகவியலாளரான றொபேட் சொக்கோலோ பதிப்பித்த நூலாக அதன் முடிவுகள் 1978இல் வெளிவந்தன. ஆராயப்பட்ட தொடர்வீடுகள் பழையனவல்ல, அண்மையிற் கட்டப்பட்டவை. எனினும், பிற்காலத்திற் பழைய வீடுகளைத் திருத்தியோர் கைக்கொண்ட முறை பெரும்பாலும் இங்கேயே உருவாயிற்று என்பதனால் இவ்வாய்வு சிறப்பிடம் பெறுகின்றது.

முதலிற் கண்ட உண்மை கூரையைப் பற்றியது. கூரையடியில் விதிப்படி காவலிப்பொருள் இடப்பட்டிருந்தும், அவ்வழியாக வெளியேறிய வெப்பம் கணக்கிட்டதைவிடப் பன்மடங்காக இருந்தது. காரணத்தைத் தேடியபோது மறைவான பாதைகள் புலப்பட்டன. பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர், உள்ளே துளையுள்ள கற்களாற் கட்டப்பட்டிருந்தது. நிலவறையின் வெப்பக் காற்று அத்துளைகள் வழியாகவும், சுவருக்கும் மரச்சட்டத்துக்கும் இடையிலிருந்த பிளவுகள் வழியாகவும் மேலேறி, காவலிப்பொருளைச் சுற்றிக்கொண்டு கூரையடியை அடைந்தது. காவலியை எத்துணைத் தடிப்பாக இட்டாலும் இப்பாதை அடைபடாது. வெப்பம் பொருளினூடாகக் கடத்தப்படுவதை மட்டும் எண்ணிய கணக்கு, காற்றோடு காவிச்செல்லப்பட்ட வெப்பத்தை எண்ணவில்லை.

இரண்டாவதாகக் கண்ட உண்மை மக்களைப் பற்றியது. ஒரே வரைபடத்தின்படி, ஒரே திசை நோக்கி, ஒரே நிறுவனத்தாற் கட்டப்பட்ட வீடுகளுள் ஒன்று மற்றொன்றைப்போல இரு மடங்கு எரிவாயுவைச் செலவிட்டது. குடியிருப்போர் மாறியபோது அதே வீட்டின் செலவும் மாறியது. எனவே, வீட்டின் சக்திச் செலவு என்பது சுவருக்கும் யன்னலுக்கும் மட்டும் உரிய பண்பன்று என்பது தெளிவாயிற்று.

இவ்வறிவின் பயன் உடனடியாகவே தெரிந்தது. பொதுவான திருத்தங்களைச் செய்த வீடுகளில் வெப்பத்துக்கான எரிவாயுச் செலவு ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. மறைவான பாதைகளைத் தேடி அடைத்து, யன்னல்களுக்கும் காப்பிட்டு முழுமையாகத் திருத்தப்பட்ட ஒரு வீட்டிலோ அது மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. காவலிப்பொருளின் அளவைப் பார்க்கிலும், அது இடப்பட்ட இடமே இவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமாயிற்று.

காற்று புகும் வழிகளைக் கண்டறிவதற்கு ஒரு கருவியும் கிடைத்தது. 1970களின் பிற்பகுதியிற் சுவீடனில் யன்னலிற் பொருத்திய பெரிய மின்விசிறி ஒன்றினால் வீட்டின் காற்றமுக்கத்தை மாற்றி, கசியும் காற்றின் அளவைக் கணிக்கும் முறை கையாளப்பட்டது. பிறின்ஸ்ரன் குழுவினரான டேவிட் ஹார்ஜே, கௌதம் டத் முதலியோர் அதனை வாயிற்கதவின் இடத்தில் நிறுத்தக்கூடிய கருவியாகச் செம்மைப்படுத்தினர். கருவியுடன் வீடுவீடாகச் சென்று குறைகளைக் கண்டறிந்து, இயன்றவற்றை அங்கேயே சரிசெய்யும் பயிற்சிபெற்றோரை அவர்கள் வீட்டு வைத்தியர் என அழைத்தனர். அப்பெயர் பொருத்தமானதே. அளவீடு, காரணம், மருந்து என்னும் ஒழுங்கு வீட்டுப் புனரமைப்பில் அவர்களால் நிலைநிறுத்தப்பட்டது.

அவசரத்தின் விலை: கனடாவின் நுரை

அளந்து அறிவதற்கு முன்னர் மருந்து கொடுத்ததன் விளைவைக் கனடா அதே காலத்திற் கண்டது. மானியத் திட்டத்தின் கீழ்ப் பழைய வீடுகளின் சுவர்களில் இடுவதற்கு ஏற்றதெனக் கருதப்பட்ட பொருள்களுள் யூரியா போமல்டிகைட்டு நுரையும் ஒன்று. சுவரை இடிக்காமல், சிறு துளையிட்டு, உள்ளே செலுத்தினால் அது பரவி இறுகிவிடும். பழைய வீட்டுக்கு இதனினும் எளிய முறை வேறு இல்லை என்று தோன்றியது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஓர் இலட்சம் வீடுகளின் சுவர்களில் அது செலுத்தப்பட்டது.

நுரை கலக்கப்பட்ட விகிதம் தவறிய இடங்களில் போமல்டிகைட்டு வாயு வீட்டினுள்ளே கசிந்தது. கண் எரிவு, தலைவலி, மூச்சுத் தொல்லை ஆகியவை பற்றிய முறைப்பாடுகள் குவிந்தன. 1980 டிசம்பரில் அரசு அந்நுரையைத் தடைசெய்தது. தானே மானியம் கொடுத்து இடச்செய்த பொருளை அகற்றுவதற்கு அதே அரசு மீண்டும் உதவிப்பணம் வழங்க நேர்ந்தது.

இக்கதையின் பிற்பகுதி மேலும் கவனத்துக்குரியது. கியூபெக் மாகாணத்தில் வீட்டுக்காரர் தொடுத்த வழக்கு பல்லாண்டுகள் நீடித்து, 1991இல் முடிவுற்றது. நுரையினால் உடல்நலம் கெட்டது நிறுவப்படவில்லை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 1982இல் விதிக்கப்பட்ட தடையையும், போதிய சான்றில்லை எனக் கூறி, மேன்முறையீட்டு நீதிமன்றம் 1983இல் நீக்கியது. நுரை தீங்கானதா என்பதில் ஐயம் நிலவியது. ஆயின் அது இடப்பட்ட வீடுகளின் விலை சரிந்ததிலும், அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அச்சத்தோடு வாழ்ந்ததிலும் ஐயமில்லை. இடுவதற்கு முன்னர் ஆராய்ந்திருந்தால் நுரை நல்லதென்றோ தீயதென்றோ தெளிந்திருக்கலாம். ஓர் இலட்சம் வீடுகளே சோதனைச்சாலையாக அமைந்துவிட்டமைதான் இங்கே நிகழ்ந்த தவறாகும்.

சஸ்கற்றூன் நகரத்து வீடு

அதே கனடாவின் மேற்குச் சமவெளியில், வேறொரு வகையான முயற்சி அமைதியாக நடைபெற்றது. 1977இல் றெஜைனா நகரில், தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹரல்ட் ஓர் உள்ளிட்ட குழுவினர், வழக்கமான வெப்ப உலை தேவைப்படாத ஒரு புதிய வீட்டை அமைத்தனர். தடித்த காவலி, காற்றுப் புகாத உறை ஆகியவற்றோடு, வெளியேறும் பழைய காற்றின் வெப்பத்தை உள்வரும் புதிய காற்றுக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்றியும் அதிற் பொருத்தப்பட்டது. வீட்டை இறுக மூடினால் மூச்சுமுட்டும் என்னும் ஐயத்துக்கு அக்கருவி விடையாயிற்று. காற்று வேண்டும், ஆனால் அது வீட்டார் விரும்பும் வழியே, விரும்பும் அளவில் வரவேண்டும் என்பது அதன் தத்துவம்.

புதிய வீட்டிற் கண்ட இத்தத்துவம் நிற்கும் வீட்டுக்குப் பொருந்துமா என்பதை ஓர், றொப் டியூமொன் ஆகியோர் 1982இற் சோதித்தனர். சஸ்கற்றூன் நகரில் 1968இற் கட்டப்பட்ட ஒரு மாடியற்ற வீடு தெரிந்தெடுக்கப்பட்டது. சுவரின் காற்றுத்தடையும் கூரையின் காற்றுத்தடையும் சந்திக்கும் இடத்தில் இறவாரம் குறுக்கிட்டது. ஆகவே இறவாரத்தை வாளால் அறுத்துத் தள்ளினர். வீடு முழுவதையும் வெளியிலிருந்து பொலித்தீன் விரிப்பினாற் போர்த்து, அதன்மேல் தடித்த காவலியையும் புதிய சுவர்ப்பூச்சையும் கூரையையும் அமைத்தனர்.

வேலைக்கு முன்னும் பின்னும் மின்விசிறிக் கருவியினால் வீடு அளக்கப்பட்டது. 50 பசுக்கால் அமுக்க வேறுபாட்டில் மணிக்கு 2.95 தடவை மாறிய வீட்டுக் காற்று, வேலை முடிந்தபின் 0.29 தடவையே மாறியது. வெளியே சுழியத்துக்குக் கீழ் 34 பாகை செல்சியசாக இருக்கும்போது அவ்வீட்டுக்குத் தேவைப்பட்ட வெப்பவலு 13.1 கிலோவாற்றிலிருந்து 5.45 கிலோவாற்றாகக் குறைந்தது. காற்றுத்தடை எங்கும் அறுபடாது தொடரவேண்டும் என்னும் ஒரே கருத்தை இறுதிவரை கடைப்பிடித்ததன் பயன் இது.

ஜேர்மனியிற் கண்ட முழுமை

இச்சிந்தனை ஐரோப்பாவில் முழுவடிவம் பெற்றது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ அடம்சன், ஜேர்மன் பௌதிகவியலாளர் வொல்ப்காங் பைஸ்ற் ஆகிய இருவரும் 1988 முதல் கலந்தாராய்ந்து உருவாக்கிய கருத்தின்படி, டார்ம்ஸ்ராட் நகரின் கிறானிக்ஸ்ரைன் பகுதியில் 1991இல் நான்கு தொடர்வீடுகள் எழுந்தன. ஒரு சதுர மீற்றர் தரைப்பரப்புக்கு ஆண்டொன்றில் 15 கிலோவாற்று மணிக்கு மேற்படாத வெப்பமே போதும் என்பது இவ்வகை வீட்டின் வரைவிலக்கணமாயிற்று. வீடு தன்னில் விழும் வெயிலையும் மனிதரும் கருவிகளும் வெளிவிடும் வெப்பத்தையும் கொண்டே பெரும்பாலும் வாழும் என்பதனால் அது வினைபுரியா வீடு என்னும் பொருள்பட அழைக்கப்பட்டது.

பழைய வீட்டை இந்நிலைக்கு அண்மையிற் கொண்டுவரலாம் என்பதற்கு லுட்விக்ஸ்ஹாபன் நகரின் புறூங் குடியிருப்பு நல்லதொரு சான்று. 1930களில் தொழிலாளருக்கென எழுப்பப்பட்ட அக்கட்டடத் தொகுதியில் ஒரு கட்டடம் 2001இல் முழுமையாகப் புனரமைக்கப்பட்டது. ஒரு சதுர மீற்றருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 லீற்றர் எண்ணெய்க்குச் சமமான வெப்பத்தை வேண்டிநின்ற கட்டடம், அதன்பின் 3 லீற்றரோடு அமைந்தது. அதே ஆண்டிற் பழைய கட்டடங்களின் புனரமைப்புக்குக் குறைந்த வட்டியிற் கடன் வழங்கும் திட்டத்தை ஜேர்மனியின் அரச அபிவிருத்தி வங்கி ஆரம்பித்தது.

எனினும், பழைய வீடு புதிய வீட்டுக்கான அளவுகோலுக்கு எப்போதும் இசைவதில்லை. நிலத்தோடு ஒட்டிய பழைய அத்திவாரத்தினூடாகவும், சுவரை ஊடறுத்து நீளும் மேன்மாடத் தளத்தினூடாகவும் வெப்பம் பாலங்கடப்பதுபோல் வெளியேறிக்கொண்டே இருக்கும். இவற்றை முற்றாக அகற்றுதல் அரிது. இதனை உணர்ந்தே 2010இல் பைஸ்றின் நிறுவனம் பழைய கட்டடங்களுக்கெனத் தனி அளவுகோல் ஒன்றை வகுத்தது. மத்திய ஐரோப்பியக் காலநிலையில் அது 25 கிலோவாற்று மணியை அனுமதித்தது. வேலைகளை ஒரே முறையிற் செய்ய வசதியற்றோர், முழுத்திட்டத்தையும் முதலில் வகுத்துக்கொண்டு, கூரை பழுதாகும்போது கூரையையும் யன்னல் பழுதாகும்போது யன்னலையும் திருத்திச் செல்லலாம் என்னும் முறையும் பின்னர் ஏற்கப்பட்டது. பழைய வீட்டின் இயல்புக்கு அறிவியல் இணங்கிவந்த தருணம் இது எனலாம்.

சுவரும் ஈரமும்

பழைய வீட்டைப் பற்றிய அறியாமை இதனோடு தீர்ந்துவிடவில்லை. திண்ணிய செங்கற் சுவர்கள் எவ்வளவு வெப்பத்தை இழக்கின்றன என்பதற்குப் பிரித்தானியாவில் வழங்கிவந்த அளவு, ஒரு சதுர மீற்றருக்கு ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டில் 2.1 வாற்று ஆகும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் உண்மையான சுவர்களில் அளந்து 2014இல் வெளியிட்ட சராசரி 1.3 வாற்று மட்டுமே. அரச கணக்குகள் பழைய சுவரை அதன் உண்மையான தன்மையிலும் மோசமானதாகக் காட்டிவந்தன. அச்சுவருக்குக் காவலியிட்டாற் கிடைக்கும் என எதிர்பார்த்த சேமிப்பும் அதே அளவில் மிகைப்படுத்தப்பட்டிருந்தது என்பது இதிலிருந்து பெறப்படும்.

ஈரத்தைப் பற்றிய பிழை இதனினும் ஆபத்தானது. தெருமுகப்பின் அழகைக் கெடுக்க விரும்பாதோர் சுவரின் உட்புறத்திற் காவலியிடுவர். அப்பொழுது வீட்டின் வெப்பம் செங்கல்லைச் சென்றடைவதில்லை. முன்னர் உள்வெப்பத்தினால் உலர்ந்த சுவர் இப்பொழுது குளிர்ந்து ஈரமாகவே கிடக்கும். அறையின் ஆவி காவலியின் பின்னே புகுந்து அக்குளிர்ந்த பரப்பில் நீராக ஒடுங்கும். சுவரினுள்ளே செருகிய மரவளைகளின் நுனிகள் உக்கத் தொடங்கும், பூஞ்சணம் படரும். சுண்ணாம்புச் சாந்தின்மேல் சீமெந்துப் பூச்சு இடப்பட்டிருந்தால் ஈரம் வெளியேறும் வழியும் அடைபடும். பழைய வீடு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் ஒழுங்கு முழுவதையும் அறியாமல் அதன் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவோர், சேமித்த எரிபொருளின் பெறுமதியை மரவேலைக்குச் செலுத்த நேரிடுவதுண்டு.

வீட்டினுள் வாழும் மனிதர்

பிறின்ஸ்ரன் குழுவினர் கண்ட இரண்டாவது உண்மை, நாற்பதாண்டுகளின் பின்னர் புதிய வடிவில் மீண்டும் வெளிப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மின்னா சுனிக்கா-பிளாங்க், றே கல்வின் ஆகியோர் 2012இல் ஜேர்மன் வீடுகளைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தனர். குடியிருப்போர் உண்மையிற் செலவிட்ட வெப்பம், கணக்கின்படி செலவிட்டிருக்கவேண்டியதைவிடச் சராசரியாக 30 வீதம் குறைவாக இருந்தது. வீடு எவ்வளவுக்கு மோசமானதோ அவ்வளவுக்கு இவ்வேறுபாடும் அதிகமாயிற்று. மோசமான வீடுகளில் வாழ்வோர் சில அறைகளை மூடிவைத்தும், வெப்பத்தைத் தாழ்த்தியும் சிக்கனமாக வாழ்ந்தமையே இதன் பொருள். எரிக்கப்படாத எரிபொருளை எந்தப் புனரமைப்பும் சேமிக்க இயலாது.

இவ்வாறாயின் வறியோரின் வீட்டைத் திருத்துவதனால் ஆவதென்ன என்னும் வினா எழும். அதற்கு விடை நியூசிலாந்திற் கிடைத்தது. அந்நாட்டில் 1978க்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளுக்குக் காவலியிடவேண்டும் என்னும் விதி இருக்கவில்லை. பிலிப்பா ஹவுடன்-சப்மன் தலைமையிலான குழு, வருமானம் குறைந்த ஏழு சமூகங்களில், சுவாச நோயாளர் ஒருவரேனும் வாழ்ந்த 1,350 வீடுகளைத் தெரிந்தெடுத்தது. திருவுளச்சீட்டு முறையில் ஒருபகுதி வீடுகளுக்கு முதலிலும், ஏனையவற்றுக்கு அடுத்த ஆண்டிலும் காவலியிடப்பட்டது. 2007இல் வெளியான முடிவுகளின்படி, காவலியிட்ட வீடுகளின் படுக்கையறைகள் சராசரியாக அரைப் பாகையளவே கூடுதல் வெப்பம் பெற்றன. ஆயினும் ஈரம் குறைந்தது; மூச்சிரைப்புக் குறைந்தது; பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லாத நாள்களும் வளர்ந்தோர் வேலைக்குச் செல்லாத நாள்களும் குறைந்தன. புனரமைப்பின் பயன் எரிபொருட் கணக்கில் மட்டுமன்றி, ஒரு பிள்ளை வகுப்பறையில் அமர்ந்திருந்த நாள்களிலும் காணப்பட்டது.

இவ்வுண்மையைப் புறக்கணித்த கொள்கை தோல்வியுற்றதற்குப் பிரித்தானியா உதாரணமாயிற்று. 2013 ஜனவரியில் அந்நாட்டு அரசு அறிமுகப்படுத்திய பசுமை உடன்பாடு என்னும் திட்டம், புனரமைப்புக்குக் கடன் கொடுத்து, அக்கடனை மின்கட்டணத்தினூடாக மீளப்பெற முனைந்தது. சேமிப்பே கடனைத் தீர்க்கும் என்பது அதன் வாக்குறுதி. கணக்கிட்ட சேமிப்பு கைக்கு வருமா என்னும் ஐயமும், ஏறத்தாழ 7 வீத வட்டியும் மக்களைத் தடுத்தன. 2015 ஜூலையில் அரசு நிதியை நிறுத்தியது. இலட்சக்கணக்கான வீடுகளை எண்ணித் தொடங்கிய திட்டத்தில் ஏறத்தாழ 14,000 வீடுகளே கடன் பெற்றன.

2017ஆம் ஆண்டும் அதன் பின்னும்

2017 ஜூன் 14ஆம் நாள் அதிகாலையில் இலண்டனின் கிறென்பெல் கோபுரத்தில் மூண்ட தீ 72 பேரைப் பலிகொண்டது. 1974இல் நிறைவுற்ற அவ்விருபத்துநான்கு மாடிக் கட்டடம், வாழ்வோருக்கு வெப்பமும் வசதியும் தரும்பொருட்டு முந்திய ஆண்டிலேதான் புனரமைக்கப்பட்டிருந்தது. நான்காம் மாடி வீடொன்றில் தோன்றிய தீ, வெளிச்சுவரிற் புதிதாகப் பொருத்திய எரியக்கூடிய மேலுறையைப் பற்றி, அதன் பின்னிருந்த காவலியோடு சேர்ந்து கட்டடம் முழுவதும் பரவியது. 2024 செப்டெம்பரில் வெளியான விசாரணையின் இறுதி அறிக்கை, பல தசாப்தங்களாக அரசு காட்டிய அசட்டையையும், பொருள்களை விற்றோரின் நேர்மையீனத்தையும் கண்டித்தது. அம்மரணங்கள் யாவும் தவிர்த்திருக்கக்கூடியவை என விசாரணைத் தலைவர் கூறினார். கட்டடம் கட்டப்பட்டபோது கொங்கிறீற்றாக இருந்த வெளிப்புறம், அதனைக் காப்பதற்கென்று செய்த வேலையினாலேயே எரிபொருளாக மாறியது. வெப்பம், ஈரம், காற்று, தீ ஆகிய நான்கையும் ஒருங்கே எண்ணாதவர் கையில் வீட்டை ஒப்படைக்கலாகாது என்பதை இதனினும் துயரமாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை.

அப்பாடம் முழுமையாகக் கற்கப்பட்டதெனக் கூறவும் முடியவில்லை. பிரித்தானியாவின் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2025 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, இரு அரச திட்டங்களின் கீழ் வெளிச்சுவர்க் காவலியிட்ட வீடுகளுள் 98 வீதமானவற்றிற் பெருங் குறைபாடுகள் இருப்பதாக மதிப்பிட்டது. இவ்வீடுகளிற் பல வறியோருக்குரியவை. குளிரைப் போக்க வந்த உதவி, ஈரத்தையும் பூஞ்சணத்தையும் அவர்கள் வீட்டிலே விட்டுச்சென்றது.

முடிவுரை

கனடாவின் நுரைக்கும் சஸ்கற்றூன் வீட்டுக்கும் இடையே காலத்தால் வேறுபாடு மிகச் சிறிது; இரண்டும் ஒரே நாட்டில், ஒரே நெருக்கடியின் விளைவாகத் தோன்றியவை. ஒன்றில் எத்தனை வீடுகள் என்னும் தொகை முன்னின்றது. மற்றதில் இந்த ஒரு வீடு எவ்வாறு இயங்குகின்றது என்னும் வினா முன்னின்றது. பிறின்ஸ்ரன் முதல் லுட்விக்ஸ்ஹாபன் வரை வெற்றிகண்ட முயற்சிகள் யாவும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்தன. தோற்ற திட்டங்கள் பலவும் மானியத்தையும் கடனையும் தொகையையும் எண்ணின; வேலை முடிந்தபின் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காலநிலை மாற்றத்தின் அச்சத்தால் இன்று அவசரம் மேலும் வலுப்பெற்றுள்ளது. அவ்வச்சம் நியாயமானதே, கோடிக்கணக்கான பழைய வீடுகள் திருத்தப்படவேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு குறைவு. ஆயின் அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் இருப்பிடம். அக்குடும்பத்தின் பிள்ளை அவ்வீட்டின் காற்றையே சுவாசிக்கின்றது. அக்குடும்பத்தின் முதியோர் அவ்வீட்டிலேயே குளிர்காலத்தைக் கழிக்கவேண்டியுள்ளது. ஒரு வீட்டைத் திருத்தும் செலவோடு ஒப்பிடுகையில், அதனை முதலில் அளந்து அறிவதற்கும், வேலை முடிந்தபின் மீண்டும் சென்று பார்ப்பதற்கும் ஆகும் செலவு மிகச் சொற்பமே. ஐம்பதாண்டு வரலாறு அச்செலவைத் தவிர்த்தோர் பின்னர் செலுத்திய விலையைப் பதிவுசெய்து வைத்திருக்கின்றது.